வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள்

டிசம்பர் மாதம் பிறந்து விட்டால் நம் ஊர்களின் மாலை நேரத்துக்கு ஒரு தனிக் களை வந்து விடுகிறது. பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும், திருச்சியிலும் வேலூரிலும், சென்னையில் சாந்தோம், பெரம்பூர்ப் பக்கங்களிலும் மாதா கோயிலையோ சபையையோ ஒட்டிய ஏதாவதோர் அறையில் விளக்கு எரியும். உள்ளே ஆர்மோனியமோ கீபோர்டோ ஒலிக்க, முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே பாட்டை விட்ட இடத்திலிருந்து மறுபடியும் மறுபடியும் பாடிக் கொண்டிருப்பார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஒத்திகை நடக்கிறது. தெருவோடு போகிறவர் எந்தச் சமயத்தவரானாலும் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்து விட்டுத்தான் நகருவார். பிள்ளைகள் கூட்டமாகப் பாடும் ஓசைக்கு அப்படி ஒரு கவர்ச்சி உண்டு.

இந்த ஒத்திகை அறைகளில் வருஷம் தவறாமல் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது. பாட்டு இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ நடக்கும்போது, சொல்லிக் கொடுப்பவரின் காது எங்கேயோ ஓர் அபஸ்வரத்தைப் பிடித்து விடும். வரிசையாக ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் குனிந்து கேட்டுக் கொண்டே வருவார். பின் வரிசையில் ஓரமாக நிற்கும் ஒரு பையனிடம் வந்ததும் நின்று விடுவார். "நீ பாட வேண்டாம், கண்ணு. வாயை மட்டும் அசை" என்பார்.

சொல்கிறவர் பொல்லாதவர் அல்லர். சம்பளம் வாங்காமல், அலுவலகம் முடிந்து வந்து, தொண்டை கட்ட உழைக்கிறவர்தாம். இருபத்துநாலாம் தேதி இரவு மானம் போகாமல் நிகழ்ச்சி நடக்க வேண்டுமே என்பது அவர் கவலை. பையனும் அழுது விடுவதில்லை. சொன்னபடி வாயை அசைக்கிறான். வீட்டில் போய்ச் சொல்வதும் இல்லை. நிகழ்ச்சியன்று எடுத்த புகைப்படத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே அவன் வாயும் அழகாகத் திறந்திருக்கும். தாயார் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவாள். அன்று நடந்தது இன்னதென்று அறிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் மறுநாளே மறந்து விடுவார். மற்றவன் மறப்பதில்லை.

"எனக்குப் பாட்டு வராது" என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் நம்மைச் சுற்றிலும் எத்தனையோ பேர். கல்யாண வீட்டில் நலங்குப் பாட்டுக்கும் வாய் திறக்க மாட்டார்கள். தொட்டிலில் கிடக்கும் பேரக் குழந்தைக்குத் தாலாட்டவும் கூசுவார்கள். எப்போது தெரிந்து கொண்டீர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஆறு வயதிலோ ஏழு வயதிலோ யாரோ சொன்னதாகத்தான் பல பேர் சொல்வார்கள். தாமாகக் கண்டுபிடித்தவர் அபூர்வம்.

ஒரு பிள்ளையின் பாட்டு இவ்வளவு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பண்டிகைக் காலந்தான் முதல் சங்கீதப் பள்ளிக்கூடம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டு வாத்தியாரை வைத்துச் சரளி வரிசை சொல்லிக் கொடுக்க வசதி உள்ள வீடுகள் எத்தனை? பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தி, காசு வாங்காமல், பரீட்சை வைக்காமல், "பாடு" என்று சொல்லும் சந்தர்ப்பம் வருஷத்தில் சில தடவைதான் வருகிறது. விந்தை என்னவென்றால், தமிழ்நாட்டில் அந்தச் சந்தர்ப்பம் இரு சமயத்தாருக்கும் ஒரே பருவத்தில் வாய்த்திருக்கிறது. மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் கோலத்தையும் பூசணிப் பூவையும் தாண்டிக் கொண்டு பஜனைக் கோஷ்டி போகும். ஜால்ரா யார் கைக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும். கடைசியில் கிடைக்கும் வெண்பொங்கலுக்காகப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர் பாட்டோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். அதே மாதத்தில் இரவில் கிறிஸ்தவப் பிள்ளைகள் தோரண நட்சத்திரத்தைத் தூக்கிக் கொண்டு வீடு வீடாகக் கீத பவனி வருகிறார்கள். தென் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் அதற்கும் பஜனை என்றே பெயர். குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டிக் கொள்வதிலிருந்து, ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது தின்னக் கிடைக்குமா என்று எட்டிப் பார்ப்பது வரை எல்லாம் ஒன்றுதான்.

இதுவும் நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்து விட வேண்டாம். ஜெர்மனியில் பள்ளிச் சிறுவர்கள் கூட்டமாகத் தெருவில் பாடி ரொட்டி வாங்கித் தின்று படித்த காலம் ஒன்று உண்டு. மார்ட்டின் லூதர் அப்படிப் பாடிப் பிழைத்த மாணவர்தாம். பிற்காலத்தில் அவர் கிறிஸ்துமஸுக்கென்று ஒரு பாட்டு எழுதினார். 1535-ல் அச்சான அந்தப் பாட்டைக் குழந்தைகளுக்கான பாட்டு என்றே குறிப்பிட்டார். பின்லாந்திலும் சுவீடனிலும் பள்ளிப் பிள்ளைகள் பாடிய பழம் பாடல்கள் 1582-ல் தொகுத்து அச்சிடப்பட்டன. இன்று ஆங்கிலத்தில் பாடப்படும் கிறிஸ்துமஸ் பாடல்கள் சிலவற்றின் மெட்டு அந்தத் தொகுப்பிலிருந்து வந்ததே.

தமிழ்க் கிறிஸ்தவக் குழந்தைக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. சீர்திருத்த சபையைச் சேர்ந்த குடும்பங்களில் பாமாலை, கீர்த்தனை என்று இரண்டு வகைப் பாட்டுகளைப் பார்க்கலாம். முதலாவதில் ஜெர்மன், ஆங்கில மெட்டுகள் தமிழ்ச் சொற்களைத் தாங்கி நிற்கின்றன. இரண்டாவதில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் இயற்றியவை இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை ஒரே மாலையில் இவ்விரண்டையும் கேட்கிறது. நாலு குரல்கள் நாலு ஸ்வரங்களில் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிப்பதையும், ஒரே குரல் கமகத்தோடு வளைந்து இழைவதையும் அடுத்தடுத்துக் கேட்கும் பேறு லண்டன் பிள்ளைக்குக் கூட எளிதில் கிடைப்பதில்லை. அடுத்த வீட்டு இந்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இது ஜன்னல் வழியாக வந்து சேருகிறது.

காது எப்போது திறக்கிறது என்பது பற்றியும் இப்போது நமக்கு முன்னைவிட அதிகம் தெரியும். கருவில் ஆறு மாதத்தை ஒட்டியே சிசுவுக்குச் செவிப் புலன் வேலை செய்யத் தொடங்கி விடுகிறது. பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தைகள் கூடத் தம் தாயின் குரலை இன்னொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்து அறிகின்றன என்பதை அமெரிக்காவில் 1980-ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. சூப்பானைச் சப்பும் முறையை மாற்றித் தாயின் குரலையே அந்தக் குழந்தைகள் வரவழைத்துக் கொண்டன! ஆகவே நள்ளிரவு ஆராதனைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டு வரும் தாயைப் பார்த்து, "இதற்கு என்ன புரியப் போகிறது?" என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். அவள் தோளில் கிடக்கும் குழந்தை, அவள் பாடும்போது காதால் மட்டும் கேட்பதில்லை. அவள் நெஞ்சின் அதிர்வையும் சேர்த்தே வாங்கிக் கொள்கிறது. அந்தக் குழந்தைக்குப் பிடிக்காதது கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர்தாம். முகமூடியும் டிரம்முமாக அவர் குதித்து வருவது பெரிய பிள்ளைகளுக்குக் குதூகலம். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பூச்சாண்டி. படம் எடுக்க வேண்டும் என்பதற்காக அலறுகிற குழந்தையை அவர் மடியில் திணிக்கும் பெற்றோரை என்னவென்று சொல்வது!

இனி அபஸ்வரத்துக்கு வருவோம். பின் வரிசைப் பையன் ஏன் தப்பாகப் பாடுகிறான்? அவன் காதில் கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன், அவனுக்குக் கொடுத்த பாட்டைச் சற்று அளந்து பார்க்க வேண்டும்.

"சைலண்ட் நைட்" பாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ப் என்ற சிற்றூரில் 1818 டிசம்பர் 24 அன்று முதன் முதலாகப் பாடப்பட்டது. பாட்டை எழுதியவர் ஜோசப் மோர் என்ற பாதிரியார். மெட்டு அமைத்தவர் பிரான்ஸ் சேவியர் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர். ஒரு கிதாரை வைத்துக் கொண்டு இருவரும் பாடினார்கள். திஸ்ர நடையில் தொட்டில் ஆடுவது போல் அசையும் பாட்டு. கேட்பதற்குத் தாலாட்டு, ஆகவே குழந்தைகளுக்கு ஏற்றது என்று எண்ணி எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஸ்வரப்படுத்திப் பார்த்தால் கதையே வேறு. கீழே ஷட்ஜத்தைத் தொட்டு, மேலே தார ஸ்தாயி மத்யமம் வரை போகிறது இந்த மெட்டு. ஒரு ஸ்தாயி முழுவதும், அதற்கு மேலும் மூன்று ஸ்வரம்! அதிலும் கடைசி அடியில் உச்சியை எட்டி விட்டு, அடுத்த மூச்சில் அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். நாலைந்து வயதுப் பிள்ளைக்குச் சிரமம் இல்லாமல் வரும் ஸ்வரங்கள் ஐந்தோ ஆறோதான். மேலே போக முடியாத இடத்தில் பிள்ளை கத்துகிறது. கீழே இறங்க முடியாத இடத்தில் பேசுகிறது. இரண்டையும் நாம் அபஸ்வரம் என்கிறோம்.

இதற்கு நேர் எதிர் "ஜிங்கிள் பெல்ஸ்". ஜேம்ஸ் பியர்பான்ட் என்ற அமெரிக்கர் 1857-ல் வெளியிட்ட இந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே இல்லை. குதிரை பூட்டிய பனிச் சறுக்கு வண்டியில் சவாரி போகும் குஷிதான் பாட்டின் பொருள். பனியைக் கண்ணால் பார்த்திராத கோவில்பட்டிப் பிள்ளைகள் இதற்கு இத்தனை உற்சாகமாகக் கை தட்டுவது ஏன் என்று வியந்ததுண்டு. மெட்டைப் பார்த்தால் விடை கிடைத்து விடுகிறது. அதன் பல்லவி முழுவதும் ச, ரி, க, ம, ப என்ற ஐந்தே ஸ்வரங்களுக்குள் அடங்கி விடுகிறது. காந்தாரத்தைப் பிடித்துக் கொண்டு ஆறு தடவை தட்டி விட்டுத்தான் பாட்டு நகரவே செய்கிறது. குழந்தையின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி! பொருளைப் பற்றிப் பெரியவர்களுக்கு எத்தனை ஆட்சேபம் இருந்தாலும், குழந்தை தன் சட்டையைக் கண்டு பிடித்துக் கொண்டு விட்டது.

"ஜாய் டு தி வேர்ல்ட்" இன்னொரு ரகம். மேல் ஷட்ஜத்தில் ஆரம்பித்து ச, நி, த, ப, ம, க, ரி, ச என்று படி இறங்குகிறது முதல் அடி. சங்கராபரணத்தின் அவரோகணத்தை அப்படியே விரித்து வைத்தாற்போல! பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை விடச் சுகமான ஸ்வரப் பயிற்சி கிடைக்காது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை எடுத்த எடுப்பில் உச்சிப் படியில் கொண்டு போய் நிறுத்தினால் தடுமாறி விழாமல் என்ன செய்யும்?

பாட்டு மட்டுமல்ல, கட்டையும் ஒரு காரணம். சொல்லிக் கொடுப்பவர் ஆண்பிள்ளையாக இருந்தால் தம் தொண்டைக்குச் சுகமான கட்டையில் ஆரம்பித்து விடுகிறார். அவருடைய குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. அதைக் கேட்டுத் தன் ஸ்தாயியில் மாற்றிப் பாடச் சின்னக் குழந்தைக்குத் தெரியாது. அவரைப் போலவே கனத்த குரலில் முழங்கப் பார்க்கும். சுருதி எங்கேயோ போய் விடும். ஒரு பெண்ணின் குரலையோ இன்னொரு குழந்தையின் குரலையோ கேட்டுப் பாடும்போது சின்னஞ்சிறு பிள்ளைகள் சுருதியோடு ஒட்டுவது எளிதாகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மை. நம் வீட்டுப் பாட்டிமார்கள் ஆராய்ச்சி இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். சுருதி சேர்ந்து பாடும் திறமை வயதோடும் பழக்கத்தோடும் வளருகிறது என்பதும் உறுதியான விஷயம். ஆறு வயதில் சேராத குரல் ஒன்பது வயதில் சேரும், இடையில் யாரும் அதை நிறுத்தி விடாமல் இருந்தால்.

பிறவியிலேயே ஸ்வர பேதம் அறியாதவர்கள் இருக்கிறார்கள் அல்லவா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். நூற்றுக்கு நாலு பேர் என்று முன்பு சொல்லி வந்தார்கள். 2017-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று அதையும் குறைத்து நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்கிறது. நாற்பது பிள்ளைகள் நிற்கும் கோஷ்டியில் அப்படிப்பட்டவன் ஒருவன் இருந்தால் அதிகம். ஆனால் வாயை மட்டும் அசைக்கும்படி சொல்லப்படுகிற பிள்ளைகள் ஒரு கோஷ்டிக்கு ஒருவரோடு நிற்பதில்லை என்பது ஒத்திகை அறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு மகா வித்வானின் கணக்கைச் சொல்லத் தோன்றுகிறது. ஜான் செபாஸ்டியன் பாக் 1723-ல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துத் தாமஸ் பள்ளிக்கு இசை ஆசிரியராக வந்தார். பள்ளியில் தங்கிப் படித்த சிறுவர்களைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு கோயில்களுக்குப் பாட்டுக் கோஷ்டி அனுப்ப வேண்டிய பொறுப்பு அவருடையது. பையன்களோ போதாது; வருகிறவர்களிலும் பாடத் தெரியாதவர் அநேகர். பொறுத்துப் பார்த்து, 1730 ஆகஸ்டு 23 அன்று நகர சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் பையன்களைப் பெயர் பெயராகப் பிரித்துக் கணக்குக் கொடுத்திருக்கிறார். பயன்படக் கூடியவர்கள் 17 பேர். இன்னும் பயன்படும் நிலைக்கு வராதவர்கள் 20 பேர். தகுதியற்றவர்கள் 17 பேர்.

கறாரான மனிதர்தாம்! 'தகுதியற்றவர்கள்' என்று எழுதக் கை கூசவில்லை. ஆனால் நடுவில் இருக்கும் அந்த இருபது பேரைக் கவனியுங்கள். அவ்வளவு நெருக்கடியிலும், அவ்வளவு எரிச்சலிலும் அந்த மேதை 'இன்னும்' என்ற ஒரு சொல்லை மறக்கவில்லை. அவருடைய பட்டியலில் மிகப் பெரிய வகுப்பே அதுதான். மற்றொரு செய்தியும் அதே விண்ணப்பத்தில் இருக்கிறது. நாலு கோயில்களில் ஒன்றுக்கு அவர் கழித்துக் கட்டிய பையன்களைத்தான் அனுப்பி வந்தார்; சங்கீதம் அறியாதவர்கள், ஏதோ எளிய ஞானப்பாட்டை ஒப்பேற்றக் கூடியவர்கள் என்று அவரே குறை கூறுகிறார். குறை கூறினாலும் அவர்களுக்கும் நின்று பாட ஒரு கோயில் இருந்தது. இந்த விண்ணப்பம் எழுதி நாலு வருஷம் கழித்து, 1734 கிறிஸ்துமஸ் தினத்தில் தொடங்கி 1735 ஜனவரி 6-ந் தேதி முடிய, ஆறு பகுதிகளாகத் தம் கிறிஸ்துமஸ் ஓரடோரியோவை அந்த நகரத்தில் அவர் அரங்கேற்றினார். பாடியவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களே.

நம் ஒத்திகை அறையில் இருக்கும் ஆசிரியருக்கு நாலு கோயில் பொறுப்பு இல்லை. நகர சபைக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அவருடைய பட்டியலில் இரண்டே வகுப்புத்தான் இருக்கிறது என்பதுதான் வருத்தம். பாடுகிறவர்கள் ஒன்று, ஆட்டுக்குட்டி வேஷம் கட்டுகிறவர்கள் மற்றொன்று. (ஆட்டுக்குட்டிக்காவது 'மே' என்று கத்த அனுமதி உண்டு.)

உயர்ந்த தரம் வேண்டாமா என்று கேட்பவர்கள் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியைக் காட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் அங்கே நடக்கும் பாட்டு ஆராதனை 1918-ல் தொடங்கியது. 1928-ல் முதல் தடவையாக வானொலியில் ஒலிபரப்பானது. அந்தப் பதினாறு சிறுவர்களும் குரல் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், நாள்தோறும் பயிற்சி பெறுகிறவர்கள். ஆராதனையின் ஆரம்பத்தில் ஒரு சிறுவன் துணைக் குரலோ வாத்தியமோ இல்லாமல் தனியாகப் பாட வேண்டும். உலகமே கேட்டுக் கொண்டிருக்கும். யார் பாடப் போகிறவன் என்பதைக் கடைசி நிமிஷம் வரை பையன்களிடம் சொல்லாமல் வைத்திருந்து, அப்போதுதான் ஒருவனைச் சுட்டிக் காட்டுவது அங்கே நெடுங்கால வழக்கம். முன்னாலேயே சொன்னால் பையன் நாட்கணக்கில் பயந்து சாவானே என்ற இரக்கந்தான் காரணம். தரத்துக்குப் பேர் போன இடத்திலேயே பிள்ளையின் பயத்தை இப்படி எண்ணிப் பார்க்கிறார்கள். அந்தச் சிறுவன் தனியாகப் பாடும் பாட்டும் 1848-ல் சிறு குழந்தைகளுக்கென்றே திருமதி அலெக்சாண்டர் வெளியிட்ட ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்பது இன்னொரு பொருத்தம்.

நமக்கு இப்போது வந்திருக்கும் புதிய ஆபத்து வேறு. சிரமப்பட்டு ஒத்திகை நடத்துவானேன் என்று, பாட்டையே பதிவு செய்து கொண்டு வந்து ஒலிபெருக்கியில் போட்டு விடுகிறார்கள். 'டிராக்' என்று அதற்குப் பெயர். வாத்தியம் மட்டும் உள்ள டிராக்கும் உண்டு. குரலும் சேர்ந்த டிராக்கும் உண்டு. இரண்டாவது வகை வந்து விட்டால் ஒரு பிள்ளைக்கு மட்டுமல்ல, நாற்பது பிள்ளைகளுக்கும் வாயை அசைப்பதுதான் வேலை. வண்டியில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, யாரோ எங்கேயோ பாடியதை முழங்க விட்டு, பளபளக்கும் சிவப்புத் தொப்பியோடு பிள்ளைகள் பின்னால் நடந்து வரும் பவனியை நாம் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம். பக்கத்தில் நடப்பவன் பாடுகிறானா என்று அவர்களுக்கே தெரியாது. கருவிகளில் பாட்டுக் கேட்கும் குழந்தைகளுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு அருகில் நிற்பவருக்கு எல்லையைப் பற்றிப் பேச்சு எழுப்பவே முடியாது. பேச்சுக் காதில் விழுந்தால்தானே!

டிராக் பிழை செய்யாது என்பார்கள். உண்மைதான். மூச்சு வாங்காது, தொண்டை கட்டாது, இரண்டாவது சரணத்தை மறந்து முதல் சரணத்தையே திரும்பப் பாடாது. ஆனால் பிள்ளை தடுமாறினால் அதற்காகச் சற்று நிற்கவும் அதற்குத் தெரியாது. ஆர்மோனியக்காரர் நிற்பார். குழந்தைகள் பின்தங்கினால் அவரும் பின்தங்கி, அவர்கள் ஒரு கட்டை இறங்கி விட்டால் தாமும் இறங்கி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கூடவே வருவார். கூடப் பாடுகிறவனைக் கேட்டுக் கொண்டே பாடுவது என்பதுதான் சங்கீதத்தில் முதல் பாடம். அந்தப் பாடம் டிராக்கில் கிடையாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மேடையில் பிள்ளை பாடும் இரண்டு நிமிஷமும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு அதன் கண்ணாடியில்தான் பிள்ளையைப் பார்க்கிறீர்கள். பாடி முடித்துக் கீழே இறங்கியதும், "ஏன் ஓரத்தில் நின்றாய்? படத்தில் சரியாக விழவில்லை" என்று அதட்டுகிறீர்கள். பாட்டைப் பற்றி யார் கேட்டார்கள்? கைபேசியை ஐந்து நிமிஷம் சட்டைப் பைக்குள் போட்டு விட்டு, தெரிந்த பல்லவியைக் கீழே இருந்தபடி நீங்களும் சேர்ந்து பாடினால் குடி முழுகிப் போகாது.

கேதரின் டேவிஸ் என்ற அமெரிக்க இசை ஆசிரியை 1941-ல் எழுதிய டிரம் பையன் பாட்டு இப்போது நம் பள்ளிகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. பரிசு கொண்டு வர வகையில்லாத ஓர் ஏழைப் பையன், தனக்குத் தெரிந்தபடி டிரம் வாசித்துக் காட்டுவதே அதன் கதை. அவன் தாளம் தப்பாமல் வாசித்தானா என்று அந்தக் கதையில் யாரும் விசாரிப்பதில்லை. அந்தப் பாட்டுக்கான ஒத்திகையிலேயே ஒரு பையனை மௌனமாக்கி வைத்த பள்ளி ஒன்றை நமக்குத் தெரியும். ஊரும் பேரும் வேண்டாம். ஒரே ஒரு பள்ளியில்தான் நடந்தது என்று ஆகி விடும்.

பின் வரிசைப் பையனை என்ன செய்வது? முதலில் அவனை ஓரத்திலிருந்து எடுத்து, சுருதியோடு பாடக் கூடிய ஒரு பெரிய பெண்ணின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். தங்கையைத் தூக்கி வைத்துத் தாலாட்டிப் பழகிய அக்காவாக இருந்தால் மிகவும் நல்லது. அவன் பேச்சுக் குரலிலேயே பாடுகிறானா என்று பார்க்க வேண்டும். அநேகமாக அப்படித்தான் இருக்கும். குயில் மாதிரிக் கூவச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வண்டி போவது போல் சத்தத்தை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். தன் தொண்டைக்குள் மேல் மாடி ஒன்று இருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரியும். பிள்ளைகளுக்கான ஐந்து ஸ்வரப் பாட்டுக்குப் பெண் குரல் ஸ்தாயியில் இரண்டு கட்டையை ஷட்ஜமாக வைத்துக் கொண்டால், பஞ்சமம் ஆறு கட்டையில் வந்து நிற்கும். சின்னக் குரல்களுக்கு அது சுகமான இடம். கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. கட்டை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. பெரிய பாட்டு ஏதாவது பாடியே தீர வேண்டும் என்றால், ஏறுமுகமான அடிகளைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்து, திரும்பத் திரும்ப வரும் அடியைச் சின்னவர்களுக்கு விட்டு விடலாம். கஞ்சிராவோ ஜால்ராவோ கொடுப்பதானால் பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்தால் பிள்ளை அதைக் கண்டு கொள்ளும்.

அப்படியும் இருபத்துநாலாம் தேதி இரவு ஒரு குரல் கொஞ்சம் விலகித்தான் கேட்கும். முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது திரும்பிப் பார்ப்பார். ஆர்மோனியக்காரர் துருத்தியைக் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டுக் கொண்டால் போதும். அடுத்த சரணம் வந்து விடும்.